மழையோடு வரும் பறவைகள்

“ஹோட்டல் வேணாம்மா. அடுப்பு இருக்கிற வீடா பாரு” என்றார் அப்பா.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று ஈப்போவில் எங்கள் வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கேமரன் மலை, லங்காவி, பினாங்கு என்று பிள்ளைகள் பட்டியல் போட்டுக்கொண்டே போனார்கள். அம்மா காலமாகிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு மாதத்தில் அப்பா தாமாக வாய் திறந்து ‘இது வேண்டும்’ என்று கேட்டது அதுதான் முதல் முறை. அதற்கு மேல் வீட்டில் மறுபேச்சு இல்லை.

இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் என் மகன். வயது பதினொன்று. பள்ளியில் இயற்கைக் கழகத்தில் சேர்ந்ததிலிருந்து பறவைப் பைத்தியம். இரவல் வாங்கிய பைனாகுலர் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எங்கள் தாமான் மின்கம்பிகளில் உட்காரும் மைனாவைக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பான். “கோல குலா போகலாம்மா. அங்கே பால் நாரை இருக்கு” என்றான்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். “குலாவா? அது நம்ம பக்கம்தானே.”

‘நம்ம பக்கம்’ என்று அவர் சொன்னது கிரியான் மாவட்டத்தை. பாகான் செராய்க்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வயதில் பால்வெட்டுக்குப் போய், இருபது வருடத்துக்கு மேல் அதே தோட்டத்தில் உழைத்தவர் அவர். எனக்கு அந்தத் தோட்டத்தைப் பற்றி மங்கலான நினைவுகளே உண்டு. நான் நான்கு வயதாக இருந்தபோது ஈப்போவுக்குக் குடிவந்துவிட்டோம்.

சட்டி பானையோடு ஒரு பயணம்

கோல குலாவில் பெரிய ஹோட்டல் எதுவும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரு மலாய்க்கார அம்மாவின் வீடு வாடகைக்குக் கிடைத்தது. மூன்று அறை, கூடம், பின்னால் சமையலறை. எரிவாயு அடுப்பு, சோற்றுக் குக்கர், குளிர்பதனப் பெட்டி எல்லாம் உண்டு. தொலைபேசியில் பேசும்போதே, சமையலுக்குச் சொந்தச் சட்டிகளைக் கொண்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டோம். “நல்லது. பன்றி இறைச்சி மட்டும் என் அடுப்பில் வேண்டாம், நாக்” என்றார் அந்த மக்சிக். நம் வீடுகளில் பெரும்பாலும் அது புழங்குவதில்லை என்றாலும், இப்படி முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

ஈப்போ லிட்டில் இந்தியாவில் மிளகாய்த் தூள், மல்லித் தூள், புளி, கறிவேப்பிலை என்று வாங்கிக் கட்டினோம். மண்சட்டி வேண்டும் என்று அப்பா அடம் பிடித்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அம்மா இருந்தவரை அவர் சமையலறைப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. தண்ணீர்கூட உட்கார்ந்த இடத்துக்கு வரும். மண்சட்டியை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஈப்போவிலிருந்து வடக்கு - தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, மெனோரா சுரங்கத்தைத் தாண்டினால் கோலகங்சார். ஒரு காரியத்துக்காக அங்கே இறங்கினோம். மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு வயதான ரப்பர் மரம் நிற்கிறது. 1876-இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அதில் சில கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து ஒன்பது கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. அப்போது பேராவில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ நட்டவை அவை. மிஞ்சி நிற்பது இந்த ஒரு மரம்தான்.

நம் முப்பாட்டன்களைக் கப்பலேற வைத்த பயிரின் முதல் மரங்களில் ஒன்று இது என்று பிள்ளைகளுக்கு விளக்கினேன். அப்பா அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

“இவ்வளவு பெரிய பால்மரத்த நான் பார்த்ததே இல்ல. நம்ம தோட்டத்துல இருபத்தஞ்சு, முப்பது வருஷத்துல வெட்டித் தள்ளிட்டு மறுநடவு பண்ணிடுவாங்க. வயசாக விட மாட்டாங்க.”

சர்க்கரை ஊர்

தைப்பிங்கைத் தாண்டி சிமாங்கோல் பக்கம் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் நிலம் தட்டையாகிவிடுகிறது. மலைகள் பின்னால் போய்விடுகின்றன. சாலையின் இரு பக்கமும் செம்பனை, வாய்க்கால், நெல் வயல், மறுபடியும் செம்பனை. வாய்க்கால் ஓரத்தில் வெண்கொக்குகள் வரிசையாக நின்றன. மகன் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு எண்ண ஆரம்பித்தான்.

மலாயில் குலா என்றால் சர்க்கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ரப்பருக்கு முன்பே தமிழர்கள் இங்கே ஒப்பந்தக் கூலிகளாக வந்து கரும்பு வெட்டியிருக்கிறார்கள். அந்த ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல்தான் முடிவுக்கு வந்தது. 1906-இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கமும் கிரியான் நீர்ப்பாசனத் திட்டமும் வந்த பிறகு நெல் பெருகியது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பயிர் மாறும் ஒவ்வொரு முறையும் யாராவது மூட்டை கட்டியிருப்பார்கள்.

கோல குலா ஒரு சிறிய மீனவர் ஊர். ஆற்றின் ஓரமாகச் சீன மீனவக் குடும்பங்களின் வீடுகள், படகுகள், மீன் காயும் வாடை. கொஞ்சம் தள்ளி மலாய்க் கம்பங்கள். ஊரைச் சுற்றி மாத்தாங் சதுப்புநிலக் காடு. நாங்கள் போய்ச் சேரும்போது மாலை நான்கு மணி. மழை தூறிக்கொண்டிருந்தது.

சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் அப்பாவைக் காணோம். அரை மணி கழித்து ஒரு பையில் உயிர் நண்டுகளோடு வந்தார். படகுத்துறையில் யாரிடமோ மலாயில் பேரம் பேசி வாங்கியிருக்கிறார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நண்டைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார். வெங்காயத்தை நறுக்கிய விதத்தைப் பார்த்து நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பழகிய கை அது.

மண்சட்டியில் நண்டுக் குழம்பு கொதித்தது. சின்னவள் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

“எப்பப்பா கத்துக்கிட்டீங்க?”

“தோட்டத்துல” என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

சேறும் அலையும்

கோல குலாவுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் கடிகாரத்தைவிட ஏற்றவற்றத்தைத்தான் பார்க்க வேண்டும். அலை வற்றும்போது கடலோரத்தில் மைல் கணக்கில் சேறு வெளியே தெரிகிறது. அந்தச் சேற்றில்தான் புழு, சிறு நண்டு, சிப்பி எல்லாம் இருக்கின்றன. வெளிநாட்டுப் பறவைகள் இறங்குவது அந்தச் சாப்பாட்டுக்காக. தண்ணீர் முழுதாக வற்றிவிட்டால் அவை கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விடும். அலை மெல்ல ஏறும்போது தண்ணீர் அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். அந்த ஒன்று, இரண்டு மணி நேரம்தான் நமக்கு.

மறுநாள் காலை ஏற்பாடு செய்திருந்த படகில் ஏறினோம். ஆற்றின் இரு கரையிலும் பாக்காவ் மரங்கள் வேரை ஊன்றிக்கொண்டு நின்றன. மாத்தாங் காடு நாற்பதாயிரம் ஹெக்டருக்கு மேல் பரந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே காப்புக்காடாக நிர்வகிக்கப்படுகிறது. பகுதி பகுதியாகப் பிரித்து, முப்பது வருடத்துக்கு ஒருமுறை மரத்தை வெட்டி, மறுபடி வளர விடுகிறார்கள். வெட்டிய மரம் கோல செபத்தாங்கில் உள்ள சூளைகளில் கரியாகிறது. நான் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா குறுக்கிட்டார்.

“இதுக்கும் முப்பது வருஷந்தானா?”

“ஆமாப்பா. ஆனா மறுபடி இதே மரந்தான் வருதாம்.”

“அப்ப பரவால்ல.”

ஆற்று முகத்துவாரத்தில் படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். மழை விட்டிருந்தது. முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை, சாம்பல் நிறச் சேறுதான் தெரிந்தது. மகன் பைனாகுலரை என் கையில் கொடுத்தான். சேறு முழுக்க அசைந்தது. உள்ளான்கள், பவளம் போல் சிவந்த காலுள்ள பவளக்காலிகள், கீழ்நோக்கி வளைந்த நீள மூக்கோடு கோட்டான் இனப் பறவைகள் என்று நூற்றுக்கணக்கில் தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தன.

வட சைபீரியாவிலும் ரஷ்யாவின் தூரக் கிழக்கிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குப் பயந்து தெற்கே வருபவை இவற்றில் பல. கிழக்காசிய - ஆஸ்திரேலிய வலசைப் பாதை என்று இதற்குப் பெயர். 22 நாடுகளைத் தொட்டுப் போகிறது. ஆர்க்டிக்கில் கிளம்பி ஆஸ்திரேலியா, நியூசிலாந்துவரை போகும் பறவைகளும் உண்டு. 2022-இல் மூக்கன் வகையைச் சேர்ந்த ஓர் இளம் பறவை அலாஸ்காவில் கிளம்பி, பசிபிக் பெருங்கடலின் மேல் பதினோரு நாள் எங்கும் இறங்காமல் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. 13,560 கிலோமீட்டர். மகன் இதைச் சொன்னபோது, “நடுவுல சாப்பாடு?” என்று கேட்டாள் சின்னவள். கிடையாது. கிளம்புவதற்கு முன் உடம்பில் சேர்த்துக்கொண்ட கொழுப்புதான் சாப்பாடு. அதனால்தான் கோல குலா போன்ற ஒரு சேற்றுக் கரை ஒன்று குறைந்தாலும் அது வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையை மூடுவது போல ஆகிவிடும்.

“அதோ!” என்றான் மகன், குரல் நடுங்க.

சேற்றின் கடைக்கோடியில் மூன்று பெரிய வெள்ளைப் பறவைகள். நீண்ட மஞ்சள் மூக்கு, சிவந்த முகம், மடக்கிய இறக்கையின் ஓரத்தில் கறுப்பு. பால் நாரை. மலாயில் புருங் உப்பே என்பார்கள். ஒன்றின் காலில் வளையம் மாட்டியிருந்தது. கூண்டில் பிறந்து வெளியே விடப்பட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

1984-இல் எடுத்த கணக்கெடுப்பில் மாத்தாங் கரையோரம் நூற்றுக்கு மேல் பால் நாரைகள் இருந்தன. 2005 வாக்கில் அது பத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கூடு கட்டுவதற்குப் பெரிய, வயதான மரங்கள் வேண்டும். அந்த மரங்கள் குறைந்தன. கடலோரத்தில் இறால் குளங்கள் வந்தன, ஆள் நடமாட்டம் கூடியது. சுமத்ராவிலும் ஜாவாவிலும் இதே கதை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இப்போது இது அழியும் ஆபத்தில் உள்ள இனம். அதன் பிறகுதான் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானும் தேசிய விலங்குக்காட்சிச் சாலையும் சேர்ந்து, கூண்டில் வளர்த்த நாரைகளைக் கோல குலாவில் கொண்டுவந்து பழக்கி வெளியே விட ஆரம்பித்தன. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதன் நெருங்கிய உறவான மஞ்சள்மூக்கு நாரையோடு கூடினால் கலப்பினக் குஞ்சு பிறந்துவிடும். நம் ஊர் வேடந்தாங்கலுக்கு வருகிறதே, அதே நாரை. அப்படிக் கலந்துபோனால் பால் நாரை என்கிற இனமே கரைந்துவிடும் என்று கவலைப்படுகிறார்கள்.

மகன் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா பைனாகுலரை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

“தாத்தா, நீங்க சாப்பிட்டீங்களா?”

அன்று பகலெல்லாம் மழை. வீட்டின் பின் வாசலில் உட்கார்ந்து கெராங் அவித்துத் தின்றுகொண்டிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு பாரிட், அதற்கப்பால் புதர். புதருக்குள்ளிருந்து ‘ருவாக், ருவாக்’ என்று விடாமல் ஒரு சத்தம்.

“ருவாக்குக் கோழி” என்றார் அப்பா. “ஆண். அந்தக் கோரைக்கு இடது பக்கம் நிக்குது. இப்ப வெளிய வரும் பாரு.”

சொன்ன மாதிரியே வந்தது. கறுப்பு முதுகு, வெள்ளை மார்பு, வாலுக்கடியில் துருப்பிடித்த நிறம். தமிழ்ப் புத்தகங்களில் கானாங்கோழி என்று போட்டிருக்கும். மகன் வாயைப் பிளந்தான்.

“எப்படித் தாத்தா தெரியும்?”

“கண்ணி வச்சவனுக்குத் தெரியாதா?”

பிறகு அவரே பேசினார். பதினோரு மாதம் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசியது போல இருந்தது.

“மழை பேஞ்சா பால்மரம் வெட்ட முடியாதுய்யா. பட்டையில தண்ணி ஓடும், பால் மங்குக்கு வராது. வெட்டு இல்லன்னா பேரு இல்ல. பேரு இல்லன்னா கூலி இல்ல. காலையில பெரட்டுக்குப் போயி நிப்போம். வானத்தப் பார்த்துட்டு கங்காணி போகச் சொல்லிடுவாரு. கார்த்திகை மாசத்துல பத்து நாள், பன்னெண்டு நாள்கூட அப்படிப் போகும். கடையில கடன் ஏறும். ஆனா அந்த மழையோடதான் பறவையும் வரும். வயல்ல, பாரிட்ல எங்க பார்த்தாலும். தூண்டி நரம்புல கண்ணி பின்னி வைப்போம். ருவாக்கு மாட்டும், கொக்கு மாட்டும். உங்க பாட்டி அந்தச் சட்டியத் தொட மாட்டா. பாவம்னு சொல்லுவா. நானே உரிச்சு, நானே ஆக்கணும். சமையல் அப்படித்தான் கத்துக்கிட்டேன்.”

மண்சட்டி எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“ஒரு தடவ பெருசு ஒண்ணு மாட்டுச்சு. வெள்ளை. மூக்கு மஞ்சளா இவ்வளவு நீளம். நான் கிட்ட போனதும் ஓடப் பார்க்கல. நின்னு என்னைப் பார்த்துச்சு. இன்னிக்குக் காலையில பார்த்தோமே, அதேதான்னு நினைக்கிறேன்.”

மகன் கையில் இருந்த கெராங்கைக் கீழே வைத்தான்.

“தாத்தா, நீங்க அதைச் சாப்பிட்டீங்களா?”

“ஆமாய்யா.”

“அது பாதுகாக்கப்பட்ட பறவை தாத்தா. சட்டம் இருக்கு.”

“இப்ப தெரியுது. அப்ப எனக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தாலும்...” என்று நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். “உங்க அம்மா அப்ப உன்ன சுமந்துக்கிட்டு இருந்தா. ஏழு மாசம். பதினஞ்சு நாளா வெட்டு இல்ல. சோறும் ஊறுகாயுந்தான். ஆஸ்பத்திரியில ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு மட்டும் அவ வேணாம்னு சொல்லல. கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிட்டா.”

மழைச் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. மகன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

அவன் பின்னால் போனேன். கட்டிலில் குப்புறப் படுத்திருந்தான். நோட்டுப் புத்தகம் திறந்தபடி கிடந்தது. ‘பால் நாரை: 3’ என்று காலையில் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தான்.

“நீங்க எந்த வருஷம்மா பிறந்தீங்க?” என்றான் முகத்தைக் காட்டாமல்.

“1984.”

“அப்ப நூத்துக்கு மேல இருந்துச்சு.” கொஞ்சம் கழித்து, “தாத்தா ஒண்ணுதான் பிடிச்சாரா?” என்றான்.

“நீயே கேளு.”

அவனுக்கு நான் சமாதானம் சொல்லவில்லை. ஒரு தாத்தா கண்ணி வைத்ததால் மட்டும் அந்த இனம் குறையவில்லை என்பது உண்மை. அவனே அன்று காலை மரங்களைப் பற்றியும் இறால் குளங்களைப் பற்றியும் சொன்னவன்தான். ஆனாலும் அவன் கோபம் நியாயமானது. அப்பா செய்ததிலும் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தச் சட்டியில் வெந்ததில் என் பங்கும் இருக்கிறது என்று தெரிந்த பிறகு யாருக்கு நியாயம் சொல்வது? நான் போய் இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்தேன்.

அன்றிரவு மகன் தாத்தாவோடு பேசவில்லை. அப்பாவும் அவனை வற்புறுத்தவில்லை.

தோட்டம் இருந்த இடம்

மூன்றாம் நாள் விடியற்காலை எனக்கு விழிப்பு வந்தபோது பின் வாசல் கதவு திறந்திருந்தது. பாரிட் ஓரம் இரண்டு பேர் குந்தியிருந்தார்கள். அப்பா தலையில் துண்டு, மகன் தலையில் தொப்பி. அப்பா விரலை நீட்டி ஏதோ காட்ட, அவன் எழுதிக்கொண்டிருந்தான். இடையில் அவன் ஏதோ கேட்க, அப்பா இல்லை என்று தலையாட்டினார். என்ன கேட்டான் என்று நான் இதுவரை விசாரிக்கவில்லை.

பிறகு நோட்டைப் பார்த்தேன். கானாங்கோழி 6, மீன்கொத்தி 2, செம்பருந்து 1, இராக்கொக்கு 4. பக்கத்தில் ‘தாத்தா சத்தத்தை வைத்துச் சொன்னது’ என்று தனியாக ஒரு கட்டம் போட்டிருந்தான். அந்தக் கட்டத்தில் ஐந்து பெயர்கள் இருந்தன. இரண்டு பெயர்களுக்கு எதிரே கேள்விக்குறி. தோட்டத்தில் வழங்கிய பெயர்கள் அவை, அவன் புத்தகத்தில் இல்லை.

திரும்பும் வழியில் பாகான் செராய் பக்கம் வண்டியைத் திருப்பச் சொன்னார் அப்பா. அவர் பிறந்த தோட்டத்துக்கு இப்போது பெயர்ப்பலகை வேறு. எண்பதுகளின் பிற்பாதியில் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது ஆள் தேவை குறைந்துபோனது. ஒவ்வொரு குடும்பமாகப் பட்டணம் போய்விட்டார்கள். லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. ஆயாக் கொட்டகை இருந்த இடமும் தெரியவில்லை. மாரியம்மன் கோயில் மட்டும் வெள்ளையடித்து நிற்கிறது. திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் பல ஊர்களிலிருந்து வருகிறார்களாம், பூசாரி சொன்னார்.

அப்பா அழுவார் என்று பயந்தேன். அவர் கற்பூரம் ஏற்றிவிட்டு, கோயிலுக்குப் பின்னால் ஓடும் பழைய வாய்க்காலைப் போய்ப் பார்த்தார். மகனும் கூடப் போனான்.

“இங்கதான் கண்ணி வைப்பேன்” என்றார்.

மகன் பைனாகுலரைத் தூக்கி வாய்க்காலின் இரு பக்கமும் பார்த்தான். “ஒரு ருவாக்கு இருக்கு தாத்தா.”

“அது இருக்கும். அது மட்டும் குறையல.”

வண்டியில் ஏறியதும் மகன் சொன்னான். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987-இலிருந்து நடந்துவருகிறது, மலேசியாவில் மலேசிய இயற்கைக் கழகம் இதை ஒருங்கிணைக்கிறது. தன்னார்வலர்களும் போய் எண்ணலாம். “தாத்தா கண்ணு இன்னும் நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டான்.

“கண்ணுக்கு என்ன?” என்றார் அப்பா. “எண்ணுறதுக்குச் சம்பளம் உண்டா?”

“இல்ல.”

“மழை பேஞ்சாலும் பேரு உண்டா?”

அவனுக்குப் புரியவில்லை. நாங்கள் இருவரும் சிரித்தோம்.

போக நினைப்பவர்களுக்கு

ஈப்போவிலிருந்து நிதானமாக ஓட்டினாலும் இரண்டு மணி நேரத்துக்குள் கோல குலா போய்விடலாம். வலசைப் பறவைகளுக்குச் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். புறப்படுமுன் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து, அலை ஏறும் நேரம் காலையிலோ மாலையிலோ வருகிற நாளாகத் தேர்ந்தெடுங்கள். படகையும் வீட்டையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஊரில் பெர்ஹிலித்தானின் தகவல் மையம் இருக்கிறது. அது திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

8x42 பைனாகுலர் ஒன்று இருந்தால் குடும்பத்துக்கே போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், ஆடும் படகிலும் பார்வை அதிகம் நடுங்காது. குடிதண்ணீர், கொசுவர்த்தி, தொப்பி, மழைச்சட்டை, பிள்ளைகளுக்கு மாற்றுடை அவசியம். வெள்ளை, சிவப்பு போன்ற கண்ணைப் பறிக்கும் சட்டைகளைத் தவிருங்கள். படம் எடுப்பதற்காகப் பறவைக் கூட்டத்தைக் கலைத்து விரட்டாதீர்கள். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவை அவை.

மளிகையை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மீனும் நண்டும் கெராங்கும் அங்கே கிடைக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கட்டாயம் அழைத்துப் போங்கள், சமையலறையை அவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். நாங்கள் ஈப்போ வந்து சேர்ந்த அன்று இரவு அப்பா நேராக அடுக்களைக்குப் போய், அம்மாவின் மேடைக்கு மேலே இருந்த தட்டில் மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தார். போன வாரம் அதை எடுத்து மீன் குழம்பு வைத்தார். உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. யாரும் சொல்லவில்லை.